இடப்பக்கம் பார்க்கும் உளுவை

சீசாவுக்குள் இருந்த மீன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். திங்கட்கிழமை காலை, ஈரக் கால்சட்டையோடு நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"மச்சான், இதைப் பாத்துட்டு அப்புறம் டீ குடிங்க."

"டீ ஆறிடும் மாப்ள."

"ஆறட்டும். வேற டீ கிடைக்கும். வேற மீன் கிடைக்காது."

கடலோரத்துச் சின்ன மீன்களைப் பார்த்து இன்ன மீன் என்று சொல்வது என் வேலை. அவற்றைப் பிடித்துக் கொண்டுவருவது மாப்பிள்ளையின் வேலை. எங்கள் கரையில் பன்னிரண்டு கழிகள் இருக்கின்றன. கடல்நீர் ஏறும்போது நிரம்பி, இறங்கும்போது சேறும் குட்டையுமாகக் கிடக்கும் வாய்க்கால்கள் அவை. எல்லாவற்றிலும் அவர்தான் எங்களுக்காக வலை வீசுகிறார். பன்னிரண்டாம் கழியை மண் கொட்டி மூடி, துறைமுகத்துக்குச் சரக்கு முற்றம் கட்டப்போகிறார்கள். அதற்குமுன் அங்கே என்னென்ன வாழ்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். அரிதான உயிர் ஏதாவது அங்கேயே குடியிருக்கிறது என்றால் வேலை நிற்கும். இல்லையென்றால் கழியும் போகும், கரையோரத்துப் பதினான்கு வீடுகளும் போகும். அவற்றில் ஒன்பதாவது வீடு என் தங்கச்சியுடையது.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்கும். எனக்குத் தட்டுவதற்கு மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை நான் மீனுக்குள் மூழ்கிக் கிடந்தேன்.

அது உளுவை இனம் என்று கண்டுகொள்வது சுலபம். மீனை மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். மற்ற மீன்களுக்கு வயிற்றடியில் இரண்டு துடுப்புகள் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலான உளுவைகளுக்கு அவை ஒட்டி ஒரு சின்னக் கிண்ணம்போல் ஆகியிருக்கும். அதைக் கல்லில் பதித்துக்கொண்டால் அலை இழுத்தாலும் மீன் நகராது. கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான். உளுவைக் குடும்பம் பெரிய கூட்டுக் குடும்பம், பெரியப்பா பிள்ளைக்கும் சித்தப்பா பிள்ளைக்கும் ஒரே முகம். நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், ஸ்பிரிட்டில் போட்ட கொஞ்ச நாளில் நிறம் போய்விடும். அதனால் செதிலை எண்ணுகிறோம். செவுள் திறப்பின் மேல்முனையில் தொடங்கி வால் முளைக்கும் இடம்வரை ஒரே வரிசை. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, சன்னமான குழாயால் காற்றை ஊதினால் ஈரம் உலர்ந்து செதில்களின் ஓரம் ஒவ்வொன்றாக எழும்பும். ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணவேண்டும். நடுவில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

மீனைத் தட்டில் கிடத்தினேன், தலை இடப்பக்கம். எங்கள் தொழிலில் மீன் எப்போதும் அப்படித்தான் கிடக்கும். வரைந்தாலும் படம் பிடித்தாலும் தலை இடப்பக்கம், எண்ணுவதும் இடப்புறச் செதில்களை. எல்லாரும் ஒரே பக்கத்தைப் பார்த்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். இந்தப் பழக்கம் எனக்கு எலும்புவரை ஊறிவிட்டது. சாப்பாட்டுத் தட்டில்கூட வறுத்த மீனின் தலை இடப்பக்கம் இருந்தால்தான் கை போகும் என்று தங்கச்சி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சாதாரணச் சேற்று உளுவைக்கு இருபத்தாறு செதில் இருக்கும். இதற்கு முப்பத்துநான்கு. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் முப்பத்துநான்கு. கன்னத்தில் உப்புத் தூவியதுபோல் பொடிப் புள்ளிகள் உண்டு, நீர் அசைவதை மீன் உணர்வது அவற்றால்தான். சேற்று உளுவைக்கு அவை மேலிருந்து கீழாக ஓடும். இதற்கு நெடுக்கே ஓடின.

காவல் உளுவை. எங்கள் கரையில் கடைசியாக யாரோ பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அது தனியாகக் குடியிருக்காது. விரல் சொடுக்குவதுபோலச் சத்தம் போடும் ஒரு இறாலோடு ஒரே வளையில் வாழும். வளையைத் தோண்டுவதும், சரியும் மண்ணை நாள் முழுக்க வாரிக் கொட்டுவதும் இறால். ஆனால் அதற்குப் பார்வை மோசம். அதனால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையை மீன்மேல் வைத்துக்கொள்ளும். மீன் வாசலில் நின்று காவல் பார்க்கும். ஆபத்து என்றால் வாலை ஒரு உதறு, மீசை வழியாகச் சேதி போய் இரண்டும் உள்ளே ஓடிவிடும். ஒன்றை ஒன்று நம்பித்தான் பிழைப்பு நடக்கிறது.

இந்த அழகை எங்கள் தலைவியிடம் சொல்ல ஓடினேன். அவருக்கு ஆய்வகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். எந்த அறிக்கையையும் கையில் ஒரு லென்ஸோடுதான் படிப்பார், காற்புள்ளிக்குக்கூட சாட்சி கேட்பார்.

"அடையாளம் சரி. எங்க பிடிச்சது?" என்றார்.

சீசாவுக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு இருந்தது. மை கரையும், பென்சில் கரையாது என்பதால் நாங்கள் பென்சிலில்தான் எழுதுவோம். 'கழி 12, வீடுகளுக்குப் பின்னால், முழங்கால் ஆழக் குட்டை.'

"எழுதினது யார்?"

"எங்க மாப்பிள்ளை."

"பிடிச்சது?"

"அவரேதான்."

"கழிக்கரையில வீடு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். லென்ஸைக் கீழே வைத்தார்.

"உங்க தங்கச்சி வீட்டைக் காப்பாத்த ஒரு மீன் வந்திருக்கு. அதை உங்க தங்கச்சி புருஷனே பிடிச்சுட்டு வந்திருக்கார். அது அதுதான்னு சொல்றவர் நீங்க. நல்லாயிருக்கு இல்ல? சீட்டுல எதை வேணும்னாலும் எழுதலாம். அந்த மீன் அங்கதான் வாழுதுங்கறதுக்குப் படம் இருக்கா?"

படம் இருந்தது. வலையில் எடுப்பதற்குமுன் வாசலில் நின்ற மீனை மாப்பிள்ளை படம் பிடித்து, காலையிலேயே என் போனுக்கு அனுப்பியிருந்தார். அதைக் கணினியில் ஏற்றி, வழக்கம்போலச் சீராக்கி, வெளிச்சம் கூட்டி, கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன்.

தெளிவான குட்டை, வளை வாசல், வாசலில் மீன். மீனுக்குப் பின்னால் பாதி புதைந்த பிளாஸ்டிக் பெட்டி. தூரத்தில் கடல். படத்தின் இடது ஓரத்தில் அலை தடுக்கும் கற்சுவர்.

இடது ஓரத்தில்.

தங்கச்சி வீட்டுப் பின்வாசலில் நின்று கடலைப் பார்த்தால் கற்சுவர் வலது கைப்பக்கம் இருக்கும். அந்த வாசல்படியில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன்! வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு கழியாகப் பார்த்தேன். கடலைப் பார்த்து நின்றால் இடது கையில் சுவர் வருவது ஒரே ஒரு கழியில்தான், ஏழாவதில். அதை யாரும் மூடப்போவதில்லை.

ஒரு சந்தேகம் உள்ளே வந்தால் மற்றவற்றுக்கும் அதுவே கதவைத் திறந்துவிடுகிறது. பெட்டிமேல் இருந்த எழுத்தைப் பார்த்தேன், எந்த நாட்டு எழுத்து என்றே தெரியவில்லை. கப்பலில் வந்த பெட்டியா? ஏழாம் கழி வாயில்தான் வெளிநாட்டுக் கப்பல்கள் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகும். மீனின் கன்னத்தைப் பெரிதாக்கினேன். கண்ணுக்குப் பின்னால் கடுகளவு வெள்ளைத் தழும்பு. தட்டில் கிடந்த மீனைப் பார்த்தேன். இடது கன்னம் மொழுமொழுவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை.

படத்தில் இருப்பது ஒரு மீன், சீசாவில் வந்தது வேறொரு மீன். வேறு இடம், வேறு மீன். மாப்பிள்ளை என்னிடம் எதைத்தான் உண்மையாகக் கொடுத்தார்?

செவ்வாய்க்கிழமை போன் போட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"மாப்ள, அந்தக் குட்டைகிட்ட நின்னா சுவர் எந்தப் பக்கம் வரும்?"

"வலது பக்கம். ஏன் மச்சான், வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?"

"இல்ல, அறிக்கைக்கு."

"அறிக்கையில சுவரெல்லாம் வருமா? மீனுக்குத்தான் அறிக்கைன்னு நினைச்சேன்."

சிரித்தார். திருடன் சிரிப்புக்கும் நல்லவன் சிரிப்புக்கும் போனில் வித்தியாசம் தெரிவதில்லை. வலது என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். படம் இடது என்கிறது. முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமை காலை, நீர் இறங்கும் நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் ஏழாம் கழிக்குப் போனேன். அங்கே இருக்கும் பம்ப் அறையின் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீன் ஆபீஸா? போன வாரம்தான் உங்க ஆளு வந்துட்டுப் போனார். உயரமா, வலையோட. ரொம்ப நேரம் குனிஞ்சு குனிஞ்சு எதையோ தேடினார்."

அவர் எல்லாக் கழிக்கும்தான் போவார், அதுதான் அவருக்கு வேலை. ஆனால் அந்த நேரத்தில் 'குனிஞ்சு குனிஞ்சு' என்ற சொல்தான் என் காதில் நின்றது.

கால்சட்டையை மடக்கிவிட்டு இறங்கினேன். காலடியில் நறநறவென்று சிப்பித் தூள். இறால் வளை தோண்டுவதற்கு மண் பிடித்து நிற்கவேண்டும். சேறும் மணலும் சரியாகக் கலந்து, விரலால் குழி போட்டால் குழியாகவே இருக்கவேண்டும். இங்கே குழி போட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு மணி நேரம் தேடியும் ஒரு வளை இல்லை, ஒரு சொடக்குச் சத்தம் இல்லை. இறால் இல்லாத இடத்தில் காவல் உளுவை இருக்காது என்பதை நானே பத்துப் பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கே விளக்க ஆளில்லை. வளை இருந்த இடம் இடிந்திருக்கும், ஓரத்தில் எங்கேயாவது நல்ல மண் இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன். 'மீனின் அடையாளம் உறுதி. பிடித்த இடம் சந்தேகத்துக்குரியது.' மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பூதக்கண்ணாடியிடம் கொடுப்பதற்குமுன் தங்கச்சி முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மதியம் சாப்பிட வருகிறேன் என்று சொன்னேன்.

அந்த வீட்டில் சமையலறையும் சாப்பிடும் இடமும் ஒன்றுதான். ஜன்னலைத் திறந்தால் கழி தெரியும். மாப்பிள்ளை எனக்குமுன் உட்கார்ந்திருந்தார், வழக்கமான நக்கல் இல்லை.

"நேத்து ஏழாம் கழிக்குப் போனீங்களாமே. பம்ப் ரூம்காரர் சொன்னார்."

"ஆமா. சும்மா பாக்கலாம்னு."

"சும்மா போற இடமா அது? மீனைத் தேடிப் போனீங்களா மச்சான், என்னைத் தேடிப் போனீங்களா?"

தங்கச்சி அடுப்பிலிருந்து திரும்பினாள். "என்ன பேச்சு இது?"

"உங்க அண்ணனைக் கேளு. சுவர் எந்தப் பக்கம்னு போன் போட்டுக் கேட்டார். நம்ம வீட்டுக்கு எத்தனை வருஷமா வர்றார்!"

நான் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டேன். "மாப்ள, நேராவே கேக்கறேன். நீங்க அனுப்பின படத்துல சுவர் இடது பக்கம் இருக்கு. படத்துல இருக்கற மீனுக்குத் தழும்பு இருக்கு, சீசாவுல இருக்கறதுக்கு இல்ல. நான் என்ன நினைக்கறது?"

"இடது பக்கமா? நான் இந்தப் பின்னாடி நின்னு எடுத்த படத்துலயா?"

"அண்ணா," தங்கச்சியின் குரல் தாழ்ந்தது. "வீட்டுக்காக இவர் பொய்மீனைக் கொண்டுவந்து வெச்சார்னு சொல்ல வர்றியா? சொல்றதானா வாயைத் திறந்து சொல்லிடு. சாப்பிட்டுட்டுச் சொல்லாதே, செரிக்காது."

சொல்லிக்கொண்டே தட்டை என் முன்னால் வைத்தாள், நங்கென்று. தட்டில் வறுத்த மீன், தலை வலப்பக்கம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. குனிந்தேன். கை பாட்டுக்கு மீனைப் புரட்டி, தலையை இடப்பக்கம் கொண்டுவந்தது.

அடிப்பக்கம் கன்னங்கரேலென்று கருகியிருந்தது.

"தெரியக்கூடாதுன்னுதானே அப்படி வெச்சேன்!" அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். "எங்க போனாலும் மீன் உனக்கு இடப்பக்கம்தான் பாக்கணுமா? கொஞ்சம் அது இஷ்டத்துக்குத்தான் கிடக்கட்டுமே!"

நான் கருகிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டில் கிடக்கும் மீனின் தலையை இப்படிக் கொண்டுவந்தால் அதன் மறுபக்கம் மேலே வரும். கருகல் தெரியும், தழும்பு இருந்தால் தழும்பு தெரியும். கணினியில் இருக்கும் படத்தின் தலையைத் திருப்பினால் மறுபக்கம் எங்கிருந்து வரும்? கண்ணாடியில் தெரிவதுபோல, இருந்த பக்கமே இடம் வலமாக மாறி நிற்கும். வலது கன்னம் இடது கன்னமாகிவிடும். சுவர் அந்தப் பக்கம் போய்விடும். எழுத்து எந்த நாட்டு எழுத்தோ ஆகிவிடும்.

திங்கட்கிழமை நான் அந்தப் படத்தை வழக்கம்போலச் சீராக்கினேன்.

"மாப்ள, உங்க போன்ல அந்தப் படம் இருக்கா? நீங்க எடுத்தது, அப்படியே?"

அவர் போனை என் பக்கம் தள்ளினார். மீன் வலப்பக்கம் பார்த்து நின்றது. கற்சுவர் வலது ஓரத்தில் இருந்தது. பெட்டிமேல் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தேன். தெருமுனையில் இருக்கும் ஐஸ் கம்பெனியின் பெயர்.

என் போனில் இருந்த கோப்புப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"யார் திருப்பினது?" என்றார் மாப்பிள்ளை.

"நான்தான். கை தானா..."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாப்பிள்ளைக்கு வரவில்லை.

"நாலு நாள். நாலு நாளா என்னைத் திருடனா வெச்சுட்டு மாப்ள மாப்ளன்னு கூப்பிட்டிருக்கீங்க."

சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்தார், மடித்தார், திருப்பித் தரவில்லை.

"வாங்க. நீர் ஏறறதுக்குள்ள காட்டறேன். அப்புறம் அதையும் நான்தான் செஞ்சு வெச்சேன்னு சொல்லுவீங்க."

பின்வாசல் வழியாக இறங்கினோம். பாதி புதைந்த பெட்டி, பாசி படிந்து அங்கேயே இருந்தது. வெயில் எங்கள் நிழலைக் குட்டைமேல் தள்ளாத பக்கமாகப் பார்த்து அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சேற்றுக்குள்ளிருந்து டிக், டிக் என்று சொடக்குச் சத்தம் கேட்டது. ஒரு வளை வாசலில் மண் பொங்கியது. கொடுக்கு நிறைய மண்ணைத் தள்ளிக்கொண்டு இறால் வந்தது. அதன் மீசை, வாசலில் நின்ற இன்னொரு உளுவையின் வால்மேல் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு வளை. அதற்கப்பால் இன்னொன்று. எண்ண ஆரம்பித்தேன்.

"ஒம்பது," என்றார் மாப்பிள்ளை, என்னைப் பார்க்காமல். "நான் எண்ணிட்டேன். வேணும்னா நீங்களும் எண்ணிக்குங்க."

நான் எண்ணவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பி முதல் வேலையாகச் சீசாவைத் திறந்து மீனைப் புரட்டினேன். வலது கன்னத்தில், கண்ணுக்குப் பின்னால், கடுகளவு தழும்பு. நாலு நாளாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பூதக்கண்ணாடியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வி கேட்டார்.

"பதினோரு வருஷமா இங்க படம் சேர்க்கறீங்க. இது மாதிரி எத்தனை?"

"தெரியாது மேடம்."

"சரி. அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாருங்க. மூலப்படம் இல்லாததுக்கெல்லாம் இல்லைன்னு எழுதி வையுங்க." எழுந்தார். "இப்ப நீர் இறங்கற நேரம்தானே? நான் போறேன். நீங்க வராதீங்க, உங்க மாப்பிள்ளையும் வேணாம்."

அவர் தனியாகப் போனார். அவர் சேற்றில் குப்புறப் படுத்து லென்ஸை நீட்டிக்கொண்டிருந்ததைத் தங்கச்சி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எழுந்து வந்து, கை கால் கழுவத் தண்ணீர் கேட்டாராம். பதினொன்று என்றாராம். மாப்பிள்ளை ஒன்பது என்று சொன்னாரே என்றதற்கு, அவர் நின்னு பாத்திருப்பார், நான் படுத்துப் பாத்தேன் என்றாராம்.

அடையாளத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன். இடத்துக்கு அவர் போட்டார். சாயங்காலத்துக்குள் அறிக்கை போனது, அடுத்த வாரம் கழிமுனையில் நின்ற மண் லாரிகள் திரும்பிப் போயின. நிரந்தரமாகவா, தற்காலிகமாகவா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒன்பதாவது வீட்டின் ஜன்னல் இன்றைக்கும் கழியைப் பார்த்துத்தான் திறக்கிறது.

அறிக்கையில் அச்சான படத்தில் உளுவை வலப்பக்கம் பார்க்கிறது. அச்சகத்துக்காரர் போன் போட்டு, மீன் படமெல்லாம் இடப்பக்கம் பார்க்கும்படி தருவீர்களே, திருப்பிவிடட்டுமா என்று கேட்டார். தொடவேண்டாம் என்றேன்.

மாப்பிள்ளை மறுபடியும் மீன் கொண்டுவருகிறார், டீ குடிக்கிறார். முன்புபோல மேசையில் உட்காருவதில்லை, வாசலோடு நின்றுகொள்கிறார். நேற்று ஒரு சீசாவை வைத்துவிட்டுக் கிளம்பியவர், கதவருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மச்சான், வெளிய போற வழி எந்தப் பக்கம்? சொல்லிடுங்க. அப்புறம் நான் மாத்திட்டேன்னு வரக்கூடாது."

"வலது பக்கம் மாப்ள."

"எழுதித் தாங்க," என்றார். "பென்சில்ல."